பருப்பு விலை ஏறினால் பானையில் என்ன குறையவேண்டும்?

தறியைப் பற்றியும் தரையைப் பற்றியும் பேசும் இவ்விதழில் அடுப்பைப் பற்றிப் பேச வந்தது ஏன் என்று அங்கத்தினர் சிலர் கேட்கலாம். நெய்பவர் ஈட்டும் கூலியும் பயிர் செய்பவர் காணும் மகசூலும் இறுதியில் சென்று சேரும் இடம் வீட்டு அடுப்பே. அங்கே நடப்பது செம்மையாக இல்லாவிடில், சங்கத்தில் கூலி உயர்ந்தும் பயனில்லை. களத்தில் நெல் குவிந்தும் பயனில்லை.

நமது நாட்டின் புகழ்பெற்ற உணவு வகைகளை எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டில் சாம்பாரும் வெண்பொங்கலும், கன்னட நாட்டில் பிஸிபேளே பாத், குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் கிச்சடி, வங்காளத்தில் மசூர் டால், பஞ்சாபிலும் ஜம்முவிலும் ராஜ்மா. பெயர்கள் வேறு, மணம் வேறு, தாளிக்கும் எண்ணெய் வேறு. ஆயினும் இவை அனைத்திற்கும் அடிப்படை ஒன்றே: ஒரு தானியமும் ஒரு பருப்பும். இவ்வுணவுகளை உணவு விடுதிக்குச் சென்று உண்ணும் விசேஷப் பண்டங்களாக இன்று பலர் கருதுகின்றனர். உண்மையில் இவை ஏழை எளிய குடும்பங்கள் குறைந்த செலவில் உடலைக் காத்துக்கொள்ளக் கண்டறிந்த வழிகள். அவற்றை நம் வீட்டிலேயே சமைக்கும் முறையையும், அம்முறைக்குரிய காரணத்தையும் இங்கே கூறுவோம்.

இதைக் கூறுவதற்கு ஓர் அவசரமான காரணமும் உண்டு. 2015-ஆம் ஆண்டில் துவரம் பருப்பின் விலை கிலோ 200 ரூபாயை எட்டியதை எந்தக் குடும்பமும் மறந்திருக்காது. அத்தகைய காலங்களில் வீடுகளில் சத்தமின்றி ஒரு மாறுதல் நிகழ்கிறது. சாம்பாரின் பெயர் மாறுவதில்லை; பருப்பு மட்டும் குறைகிறது. புளியும் நீரும் மிகுந்து, நிறத்திற்கு மஞ்சளும் காரத்திற்கு மிளகாயும் சேர்ந்து, பருப்பின்றியே சாம்பார் தயாராகிவிடுகிறது. குழந்தைகளுக்கும் தறியில் அமர்பவருக்கும் அடியில் தங்கிய கெட்டியானது போகும். கடைசியில் உண்ணும் தாய்க்கு மேலே நின்ற தெளிவு மிஞ்சும். இந்த வழக்கத்தை மாற்றுவதே இக்கட்டுரையின் நோக்கம். நாம் கூறவிருப்பது ஒன்றுதான்: பருப்பு விலை ஏறினால் பருப்பைக் குறைக்காதீர்கள், பருப்பை மாற்றுங்கள்.

அரிசியும் பருப்பும் சேர்வது ஏன்?

நூறு கிராம் அரிசியில் ஏறக்குறைய ஏழு, எட்டுக் கிராம் புரதம் உண்டு. நூறு கிராம் துவரம் பருப்பிலோ ஏறக்குறைய 22 கிராம் உண்டு. ஆனால் அளவு மட்டும் பேச்சு அன்று. புரதம் என்பது பல அமினோ அமிலங்கள் சேர்ந்து அமைவது. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற பகுதி குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் மெத்தியோனின் என்ற பகுதி குறைவு. அரிசியில் அது போதிய அளவு இருக்கிறது. ஆகவே இரண்டும் சேரும்போது ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகிறது. ஊடும் பாவும் சேர்ந்தால்தான் துணி; தனித்தனியே இருந்தால் வெறும் நூல். ஆய்வுக்கூடங்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே நம் நாட்டுச் சமையலறைகள் இந்த இணைப்பை அனுபவத்தால் அறிந்திருந்தன.

வயலிலும் இவ்விணைப்பு உண்டு. பருப்புப் பயிர்களின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பற்றி மண்ணிற்கு அளிக்கின்றன. காவிரிப் படுகையில் சம்பா, தாளடி நெல் அறுவடைக்குச் சில நாட்களுக்கு முன்பே, ஈரம் காயாத வயலில் உளுந்தும் பயறும் தெளிப்பது இதனால்தான். மானாவாரி நிலத்தில் நிலக்கடலையின் நடுவே துவரையை ஊடுபயிராக இடுவதும் இதே அறிவுதான். நெல் எடுத்ததைப் பயறு ஓரளவு திருப்பித் தருகிறது.

உலகில் பருப்பு வகைகளை மிகுதியாக விளைவிக்கும் நாடு நமது நாடு. மிகுதியாக உண்ணும் நாடும் நமதே. இருந்தும் போதவில்லை. மியான்மர், மொசாம்பிக், தான்சானியா முதலிய நாடுகளிலிருந்து துவரையை வரவழைக்கிறோம். மழை ஓரிடத்தில் பொய்த்தால் விலை எங்கும் ஏறுகிறது. ஒரே பருப்பை நம்பியிருக்கும் குடும்பமே இவ்வேற்றத்தில் முதலில் அடிபடுகிறது.

பருப்பு வேகாத வீடு

எந்தப் பருப்பை எடுத்தாலும் சில பொது விதிகள் உண்டு. இவற்றை அறியாததால்தான் எரிபொருள் வீணாகிறது. பருப்பின் மேல் வெறுப்பும் வருகிறது.

முதலாவது, பருப்பின் வயது. வெப்பமும் ஈரமும் உள்ள இடத்தில் நெடுநாள் கிடந்த பருப்பு எவ்வளவு எரித்தாலும் முழுமையாக வேகாது. மலிவு என்று பழைய சரக்கை வாங்கினால், மிச்சம் பிடித்த காசு காஸ் சிலிண்டரில் போய்விடும்.

இரண்டாவது, தண்ணீர். கடின நீரிலுள்ள சுண்ணச்சத்து, பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பொருளுடன் சேர்ந்து அதை இறுகச் செய்கிறது. ஆழ்குழாய்க் கிணற்று நீரில் பருப்பு வேகவில்லை என்று கூறும் பெண்மணிகள் கூறுவது முற்றிலும் உண்மை. இதற்கு ஆப்பச்சோடா இடுவது பலர் கையாளும் வழி. பருப்பு குழையும், ஆனால் தயமின் என்னும் வைட்டமின் அழிந்துபோகும். அரை மணி நேரம் ஊறவைப்பதும், கிடைக்குமாயின் மழைநீரையோ குடிநீரையோ பருப்பு வேகவைக்க ஒதுக்குவதும் மேலான வழிகள்.

மூன்றாவது, புளி. புளிப்புப் பொருள் எதுவாயினும், பருப்பும் காயும் மென்மையாவதைத் தடுக்கும். புளியும் தக்காளியும் பருப்பு நன்கு வெந்த பின்னரே சேரவேண்டும். பாட்டிமார் பருப்பைத் தனியே வேகவைத்தது வெறும் சம்பிரதாயம் அன்று.

நான்காவது, குக்கர். பருப்பு வேகும்போது நுரை கட்டும். குக்கரில் நீரும் பருப்பும் சேர்ந்து பாதிக்கு மேல் இருக்கலாகாது; மிகுந்தால் நுரை ஆவிக்குழாயை அடைத்துவிடும். சில துளி எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். முதல் விசில் வந்ததும் தணலைக் குறைத்துவிடவேண்டும். அதன் பின் பெரிய தணல் எரிவது ஆவியை வெளியே அனுப்புவதற்கே அன்றி, பருப்பை விரைவில் வேகவைப்பதற்கு அன்று.

துவரையில் சாம்பார்

ஐவர் உள்ள குடும்பத்திற்கு 200 கிராம் துவரம் பருப்பு வேண்டும். இதில் ஏறக்குறைய 44 கிராம் புரதம் உண்டு. ஆளுக்கு ஒன்பது கிராம் அளவில் கிடைக்கும். இந்த 200 கிராம் 80 ஆகிவிட்டால் ஆளுக்கு மூன்றரைக் கிராம்தான் கிட்டும். சாம்பாரின் அளவு இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும் என்பதுதான் இதிலுள்ள ஏமாற்றம்.

பருப்பை மஞ்சள் தூளும் சில துளி நல்லெண்ணெயும் சேர்த்துக் குழைய வேகவைத்து மசித்துக்கொள்க. முருங்கை, கத்தரி, பூசணி, முள்ளங்கி என அந்தப் பருவத்தில் மலிவான காய் கால் கிலோ எடுத்து, முதலில் வெறும் நீரில் முக்கால் பதம் வேகவிடுக. பின்னர் எலுமிச்சம்பழ அளவு புளியைக் கரைத்து ஊற்றி, உப்பும் இரண்டு மேசைக்கரண்டி சாம்பார்ப் பொடியும் இட்டு, பச்சை வாசனை போகும்வரை பத்து நிமிடம் கொதிக்கவிடுக. அதன் பின்னரே பருப்பைச் சேர்த்து, இரண்டு கொதி வந்ததும் இறக்குக. கடுகு, சிறிது வெந்தயம், மிளகாய் வற்றல், கறிவேப்பிலை, பெருங்காயம் ஆகியவற்றை ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில் தாளித்துக் கொட்டி மூடிவைக்கவும். தாளிதத்தின் மணம் எண்ணெயில் கரைவது. நீரில் கரைவது அன்று. எண்ணெய் நன்கு காய்ந்த பின்னரே கடுகு போடவேண்டும் என்பதன் பொருள் இதுதான்.

பாத்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கலாய் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் புளி கொதிக்கலாகாது. உலோகம் குழம்பில் இறங்கும். மண்சட்டியும் கற்சட்டியும் எவர்சில்வரும் புளிக்கு ஏற்றவை.

பொடியை வீட்டில் தயாரிப்பது கடினம் அன்று. கொத்துமல்லி விதை 200 கிராம், மிளகாய் வற்றல் 100 கிராம், துவரம் பருப்பும் கடலைப் பருப்பும் வகைக்கு 50 கிராம், மிளகு 20 கிராம், விரலி மஞ்சள் 20 கிராம், வெந்தயம் 10 கிராம். மிளகாயையும் மஞ்சளையும் நல்ல வெயிலில் காயவைத்து, மற்றவற்றைத் தனித்தனியே இளந்தணலில் வறுக்கவேண்டும். வறுப்பதால் ஈரம் நீங்கிப் பொடி கெடாமல் இருக்கும், மணமும் வெளிப்படும். வெந்தயம் சற்றுக் கருகினாலும் பொடி முழுவதும் கசக்கும். ஆகவே அதை இறுதியில், நிறம் மாறத் தொடங்கியதும் எடுத்துவிடுக. அரைத்து வந்ததும் சூட்டோடு டப்பாவில் அடைக்காமல், பரப்பி ஆறவிட்டு அடைக்கவேண்டும்.

மஞ்சளைத் தூளாக வாங்காமல் முழு விரலியாக வாங்குமாறு கூறுகிறோம். தூளில் செயற்கை நிறம் கலப்பது எளிது. ஒரு கண்ணாடித் தம்ளர் நீரில் ஒரு தேக்கரண்டித் தூளை இட்டுப் பாருங்கள். தூய மஞ்சள் இளமஞ்சள் நிறத்துடன் அடியில் படியும்; நிறம் கலந்ததாயின் நீர் முழுவதும் அழுத்தமான மஞ்சளாகும். ஈரோட்டு மஞ்சள் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அங்கே மஞ்சள் விவசாயிகளின் கூட்டுறவு விற்பனைச் சங்கமே ஏலம் நடத்தி வருகிறது. சங்கத்தின் மூலம் விற்கப்படும் மஞ்சளைச் சங்கத்தின் மூலமே வாங்குவது இருவருக்கும் நன்மை.

பெருங்காயத்தின் கதை வேறு. அது ஒரு செடியின் வேரிலிருந்து கசியும் பிசின். ஈரானிலும் ஆப்கானிஸ்தானிலும் இருந்தே நமக்குப் பெரும்பகுதி வருகிறது. இமாசலப் பிரதேசத்தின் லாஹூல் பள்ளத்தாக்கில் 2020-ஆம் ஆண்டு அக்டோபரில்தான் பாலம்பூர் ஆய்வு நிலையத்தார் அச்செடியை முதன்முறையாகப் பயிரிட்டனர். கடையில் வாங்கும் கட்டியிலும் தூளிலும் மாவும் பிசினும் கலந்திருப்பது வழக்கம். தூய பெருங்காயம் அத்தனை வீரியம் உள்ளது.

பாசிப்பயற்றில் பொங்கலும் கிச்சடியும்

துவரை விலை ஏறும்போது நாம் முதலில் நாடத்தக்கது பாசிப்பருப்பு. புரதத்தில் துவரைக்குச் சற்றும் இளைத்தது அன்று. விரைவில் வேகும்; எளிதில் செரிக்கும்; நோயுற்றவருக்கும் குழந்தைக்கும் ஏற்றது.

வெண்பொங்கலுக்கு ஒரு பங்கு பச்சரிசி, அரைப் பங்கு பாசிப்பருப்பு, ஆறு பங்கு நீர். பருப்பை வாசனை வரும்வரை வெறும் வாணலியில் வறுத்து, அரிசியுடன் கழுவி, உப்பிட்டுக் குழைய வேகவிடுக. மிளகும் சீரகமும் வகைக்கு ஒரு தேக்கரண்டி, நறுக்கிய இஞ்சி, கறிவேப்பிலை ஆகியவற்றை நெய்யில் பொரித்துச் சேர்க்கவேண்டும். முந்திரி இருந்தால் நலம். இல்லாவிடில் வறுத்த நிலக்கடலை அதன் இடத்தை நன்றாகவே நிரப்பும். பொங்கல் ஆறும்போது இறுகும். ஆகவே சற்று இளகிய பதத்திலேயே இறக்குக.

வடநாட்டுக் கிச்சடி இதன் உடன்பிறப்பு. 14-ஆம் நூற்றாண்டில் நம் நாட்டில் பயணம் செய்த இபின் பதூதா, அரிசியும் பயறும் சேர்த்து வேகவைத்து நெய்யுடன் காலையில் உண்ணும் வழக்கத்தை எழுதி வைத்திருக்கிறார். அக்பர் ஆட்சியைப் பற்றிய 'அயினி அக்பரி' நூலில் அரண்மனைக் கிச்சடிக்கு அரிசியும் பருப்பும் நெய்யும் சம எடை என்று கணக்குக் காண்கிறது. அரசர் வீட்டு நெய்க் கணக்கை நாம் பின்பற்ற இயலாது. ஆனால் அரிசிக்குச் சமமாகப் பருப்பு என்ற அவர்கள் கணக்கு கவனிக்கத்தக்கது. நம் பொங்கலில் பருப்பு அரிசியில் பாதி. கிச்சடியில் அரிசிக்குச் சமம்.

கிச்சடி செய்ய, சீரகத்தை நெய்யிலோ எண்ணெயிலோ பொரித்து, இஞ்சி, பச்சை மிளகாய், மஞ்சள் சேர்த்து, அரிசியும் பருப்பும் சமமாக இட்டு, உருளைக்கிழங்கு, பட்டாணி, காரட் எது உண்டோ அதையும் போட்டு ஒரே பாத்திரத்தில் வேகவிட வேண்டியதுதான். தயிரும் ஊறுகாயும் சுட்ட அப்பளமும் துணை. பாவு ஓட்டும் நாளில், குடும்பம் முழுவதும் தெருவில் நிற்கும்போது, சோறு தனி, குழம்பு தனி, பொரியல் தனி என்று செய்ய யாருக்கு நேரம் இருக்கிறது? அத்தகைய நாளுக்குக் கிச்சடியைப் போல் உதவுவது வேறில்லை.

கன்னடத்தில் 'பிஸி' என்றால் சூடு. 'பேளே' என்றால் பருப்பு. சூடான பருப்புச் சோறு என்பதே பிஸிபேளே பாத்தின் பொருள். நம் சாம்பார்ச் சாதத்தின் உறவான இதில், பட்டை, கிராம்பு, கொப்பரை ஆகியவை பொடியில் சேர்வதால் மணம் மாறுபடுகிறது. காய்கள் மிகுதியாகச் சேர்வது இதன் சிறப்பு.

வங்காளத்து மசூர்

மசூர் நம் வயல்களில் விளைவது அன்று. உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார், வங்காளம் ஆகிய இடங்களில் குளிர்காலப் பயிர். தோல் நீக்கினால் இளஞ்சிவப்பாக இருக்கும் இப்பருப்பிற்கு ஒரு பெரும் நன்மை உண்டு: ஊறவைக்க வேண்டாம், குக்கரும் வேண்டாம், திறந்த பாத்திரத்தில் இருபது நிமிடத்தில் வெந்துவிடும்.

வங்காளிகள் இதைத் தாளிக்கும் முறை தனித்தன்மை உடையது. சீரகம், சோம்பு, வெந்தயம், கருஞ்சீரகம், கடுகு ஆகிய ஐந்தையும் முழுதாகவே சம அளவில் கலந்து வைத்திருப்பார்கள். கடுகிற்குப் பதிலாக ராந்துனி என்னும் ஒரு விதையைச் சேர்ப்பதும் உண்டு. 'பாஞ்ச் ஃபோரன்', அதாவது ஐந்து தாளிதம் என்று அதற்குப் பெயர். கடுகெண்ணெயைப் புகையும்வரை காய்ச்சிச் சற்று ஆறவிட்டு, இந்த ஐந்தையும் ஒரு தேக்கரண்டி போட்டு, வெங்காயமும் பச்சை மிளகாயும் வதக்கி, மஞ்சளும் உப்பும் சேர்த்து வெந்த பருப்பில் கொட்டினால் முடிந்தது. கடுகெண்ணெய் கிடைக்காத ஊரில் நல்லெண்ணெய் போதும். புளி இல்லை, பொடி இல்லை, அரைப்பு இல்லை. சாம்பாருக்கு ஆகும் நேரத்தில் பாதியும் ஆகாது.

கொங்கு நாட்டுக் கொள்ளு

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பது பழமொழி. கொள்ளைக் குதிரைத் தீனி என்று ஒதுக்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வறட்சியைத் தாங்கி, மெலிந்த மண்ணிலும் விளையும் இப்பயறு புரதத்தில் துவரைக்கு இணையானது. தோலுடன் உண்பதால் நார்ச்சத்தும் கிடைக்கிறது.

இரவில் ஊறவைத்த கொள்ளை, ஊறிய நீரை மாற்றிக் குக்கரில் நன்கு வேகவிட்டு நீரை வடித்துவைக்கவும். வெந்த கொள்ளுடன் வதக்கிய சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், கொத்துமல்லி விதை, மிளகாய் வற்றல் சேர்த்துக் கரகரப்பாக அரைத்தால் கொள்ளுப் பருப்பு. வடித்த நீரில் புளி, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டால் கொள்ளு ரசம். ஒரு பயறு, ஒரே தடவை எரிந்த அடுப்பு, இரண்டு பதார்த்தங்கள்.

ராஜ்மா: ஓர் எச்சரிக்கை

பஞ்சாபிலும் ஜம்மு, இமாசலப் பகுதிகளிலும் சோற்றுடன் ராஜ்மாவை விரும்பி உண்பர். ஊறவைத்து வேகவைத்த அவரையை, வெங்காயம், இஞ்சி, பூண்டு, தக்காளி, மல்லித்தூள், சீரகத்தூள் சேர்த்து வதக்கிய மசாலாவில் இட்டுக் கொதிக்கவைப்பதே முறை. சில விதைகளை மசித்துவிட்டால் குழம்பு தானே கெட்டிப்படும்.

ஆனால் இதில் ஒன்றை மறக்கலாகாது. வேகாத ராஜ்மாவில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது. நன்கு கொதித்தால் அது அழியும். இளஞ்சூட்டில் மெதுவாக வேகவைத்தால் அழியாது. எட்டு மணி நேரமேனும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் நன்கு தளதளவென்று கொதிக்கவிட்டோ குக்கரிலோ குழையுமாறு வேகவைக்கவேண்டும். அரைவேக்காட்டை ருசி பார்ப்பதும் கூடாது.

பழமை என்பது யாது?

இத்தனை ஊர் உணவைக் கூறியதும், "இவை நம் வழக்கம் அல்லவே" என்று பெரியோர் சிலர் தயங்கலாம். ஒன்றைச் சிந்திக்கவேண்டும். இன்று சாம்பாருக்கு உயிர் என்று நாம் எண்ணும் மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியர் இங்கு வந்த பின்னரே அது நம் நாட்டை அடைந்தது. தக்காளியும் உருளைக்கிழங்கும் ராஜ்மாவும் அக்கண்டத்திலிருந்து வந்தவைதாம். அதற்கு முன் நம் காரம் மிளகின் காரம். வெண்பொங்கலும் மிளகு ரசமும் அக்காலத்துச் சுவையை இன்றும் காத்து நிற்கின்றன. வந்ததை ஏற்று, தம் அளவிற்கும் மண்ணிற்கும் ஏற்ப அமைத்துக்கொண்டதே நம் முன்னோர் செய்தது. அவர்கள் மாற்றாமல் வைத்தது ஒன்றை மட்டும்: தானியத்துடன் பருப்பு.

முறையை எழுதி வைப்பதும் ஒரு தொண்டு. ஆழாக்கும் படியும் வழக்கிலிருந்த 1951-ஆம் ஆண்டில் எஸ். மீனாட்சி அம்மாள் வெளியிட்ட 'சமைத்துப் பார்' இன்றும் பல வீடுகளில் பயன்படுகிறது. கைப்பழக்கமாக மட்டும் இருந்த அறிவை, அளவுகளுடன் ஏட்டில் ஏற்றியதே அந்நூலின் பெருமை. நம் அங்கத்தினர் குடும்பங்களிலும் பாட்டியின் கைமணத்தோடு மறைந்துபோகும் முறைகள் எத்தனையோ உண்டு. பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவற்றை அளவுடன் எழுதிவைக்கலாம்.

சங்கம் செய்யக்கூடியது

தார் சுற்றுவதும் பாவுக்குக் கஞ்சி போடுவதும் களை எடுப்பதும் பெண்களே. அதற்கு மேல் சமையல் முழுவதும் அவர்கள் தலையில் விழுந்தால், எளிதாகச் செய்வதைத் தேடி அவர்கள் பொட்டலப் பொடிக்கும் நீர்த்த குழம்பிற்கும் போவதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? பருப்பு கழுவி ஊறவைப்பதும், காய் நறுக்குவதும், பொடிக்கு வெயிலில் காயவைப்பதும் ஆண்கள் செய்யத் தகாத வேலைகள் அல்ல. அதே போன்று, பரிமாறும் முறையும் மாறவேண்டும். குழம்பைக் கலக்கி, எல்லோருக்கும் ஒரே கரண்டியால், வீட்டுப் பெண்களுக்கும் அதே நேரத்தில் பரிமாறுவது செலவில்லாத சீர்திருத்தம்.

சங்கங்களுக்கும் இதில் பங்கு உண்டு. 1904-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் தோன்றிய நகரக் கூட்டுறவுச் சங்கம், நல்ல பண்டத்தைச் சரியான எடையில் நியாயமான விலைக்கு அளிப்பதையே தொழிலாகக் கொண்டது. 1958-இல் தொடங்கப்பட்ட நாஃபெட் என்ற தேசியக் கூட்டுறவு விற்பனை இணையம், விலை வீழும்போது பருப்பு வகைகளை ஆதரவு விலைக்குக் கொள்முதல் செய்கிறது. 1959-இல் பம்பாயில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இட்டுத் தொடங்கிய லிஜ்ஜத், இன்று ஆயிரக்கணக்கான பெண்களுக்கு வேலை தருகிறது. அந்த அப்பளமும் உளுந்தே.

நம் ஊர்களில் இதற்குப் பெரிய முதல் வேண்டியதில்லை. பத்து நெசவுக் குடும்பங்கள் சேர்ந்து, அறுவடைக் காலத்தில், பயிரிடும் அங்கத்தினரிடமே முழுத் துவரையும் பயறும் கொள்ளும் வாங்கலாம். விளைவித்தவருக்கு இடைத்தரகு மிஞ்சும்; உண்பவருக்குப் புதுச் சரக்கு கிடைக்கும். முழுத் துவரைக்குச் செம்மண் கட்டி, நன்கு காயவைத்து உடைப்பது நம் பழைய முறை. பயறு வண்டு அண்டாதிருக்க நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் உலர்த்தி, ஆறியபின் காற்றுப் புகாத கலத்தில் உலர்ந்த வேப்பிலையுடன் மூடிவைக்கவும். சாம்பார்ப் பொடியைப் பத்துக் குடும்பத்திற்குச் சேர்த்து ஒரே நாளில் வறுத்து அரைத்தால், ஒருவர் உழைப்பு பத்தில் ஒன்றாகும்.

இவ்வாறு ஒரு வீட்டில் துவரை, பாசி, கொள்ளு, மசூர் என நான்கு கலங்கள் நிரம்பியிருக்குமானால், சந்தையில் ஒன்றின் விலை ஏறுவது அவ்வீட்டை அவ்வளவாகத் தொடாது. இவ்வாரம் சாம்பார், அடுத்த வாரம் கிச்சடியும் கொள்ளுப் பருப்பும். பயிரிடுவோர்க்கும் ஒரே பயிரை நம்பாமல் பலவற்றை விளைவிக்கத் துணிவு பிறக்கும். வாங்குவதற்குப் பக்கத்திலேயே ஆள் இருக்கிறார்கள் அல்லவா?

அடுத்த முறை கடையில் பருப்பு விலையைக் கேட்டுக் கை பின்வாங்கும்போது, அங்கத்தினர் குடும்பங்கள் இதை நினைவிற் கொள்ளவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். அளக்கும் கரண்டி சிறுக்கவேண்டியதில்லை. அது இறங்கும் டப்பா மாறினால் போதும்.